கடைசிப் புள்ளடிக்குப் பிறகு

கடைசிப் புள்ளடியைப் போட்டு நூலை வெட்டின உடன நாங்கள் செய்யிற முதல் வேலை போனைத் தேடுறது. யன்னலோரம் துணியை விரிச்சு, பக்கத்தில ஒரு தேத்தண்ணிக் கோப்பையை வைச்சு, படம் எடுத்து ஸ்ரோறியில போட்டாச்சு. ஒரு நாள் முழுக்க இதயமும் கைதட்டலும் வரும். அதுக்குப் பிறகு அந்தத் துணிக்கு என்ன நடந்ததெண்டு ஆரும் கேட்கிறதில்லை. நாங்களே சொல்லிவிடுகிறோம். அது அலுமாரியில, முதலாம் வருச ரியூட் கட்டுக்கு அடியில, வளையம் பதிஞ்ச தடத்தோட மடிச்சுக் கிடக்குது.

எங்கட அறையில ஐந்து பேர். எல்லாரும் கலைப்பீடம், திருநெல்வேலியில போடிங். இதை எழுதுறதுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாத்தையும் வெளியில எடுத்துக் கட்டிலில பரப்பி எண்ணினோம். இரண்டரை வருசத்தில தைச்சது 17. உரிய ஆளின்ர கைக்குப் போனது 6. மிச்சம் 11க்கும் ஒவ்வொரு சொந்தக்காரர் இருக்கினம். ஒண்டு ஒருத்தியின்ர அக்காவின்ர கலியாணத்துக்கெண்டு தைச்சது. அந்த அக்காவின்ர பிள்ளை இப்ப நடை பழகுது.

நாங்கள் சொல்ல வாறது இதுதான். தைக்கிறது அரைவாசி வேலை. கழுவி, அழுத்தி, ஓரம் கட்டி, பேரும் வருசமும் போட்டு, ஒரு ஆளின்ர கையில குடுக்கிறது மிச்ச அரைவாசி. இந்த இரண்டாவது அரைவாசியை நாங்கள் வேலையாகவே கணக்கெடுக்கிறதில்லை. யூரியூப்பில பார்க்கிற வீடியோவும் கடைசித் தையலோட முடிஞ்சு பாட்டுப் போடத் தொடங்கிவிடும். ஆனால் ஒரு துணி அன்பளிப்பாகிறதும், இருபது வருசத்துக்குப் பிறகு ஞாபகப்பொருளாக நிக்கிறதும் அந்த அரைவாசியிலதான். இதை எங்களுக்கு விளங்கப்படுத்தினது ஒரு மயில். அதுக்குக் கடைசியில வருகிறோம்.

தெரியாத ஆக்களுக்காக ஒரு பந்தி. குரோஸ் ஸ்ரிச் எண்டால் பெரிய வித்தை இல்லை. கட்டம் கட்டமாக நெய்த துணி ஒண்டு இருக்கு, அயிடா எண்டு பேர். ஒவ்வொரு கட்டத்திலயும் வாக்குச்சீட்டில போடுற மாதிரி ஒரு புள்ளடி. நாங்கள் பாவிக்கிறது ஒரு இஞ்சிக்கு 14 கட்டம் உள்ள துணி. நூல் 6 இழை சேர்ந்து வரும், அதைப் பிரிச்சு 2 இழையாகக் கோர்க்க வேணும். ஒரு கண்டு 8 மீற்றர். கடையில 'அங்கர்' எண்டு கேட்கேக்க நூல் எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ, இல்லாட்டி பால்மாக் கடையைக் காட்டுவினம். இங்க இது புதுசும் இல்லை. 1824இல அமெரிக்க மிசனறிமார் உடுவிலில பெண்பிள்ளையளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கின காலத்தில இருந்தே எழுத்து வாசிப்போட தையலும் படிப்பிக்கப்பட்டது. எங்கட அம்மாமார் பள்ளிக்கூடத்தில ஒவ்வொரு தையலையும் ஒவ்வொரு துண்டுத் துணியில தைச்சு, அல்பமாக ஒட்டிப் புள்ளி வாங்கினவை.

சரி, இனி அந்த மிச்ச அரைவாசி.

முதல் பின்பக்கம். துணியின்ர பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருக்க வேணும் எண்டு அடம்பிடிக்கிற ஆக்கள் இருக்கினம். நாங்கள் அந்தக் கட்சி இல்லை. ஆனால் இரண்டு விசயத்தில விட்டுக்குடுக்க மாட்டோம். ஒண்டு, முடிச்சுப் போடக் கூடாது. துணியை இழுத்து மட்டையில கட்டேக்க ஒவ்வொரு முடிச்சும் முன்பக்கம் கொப்புளம் மாதிரித் தள்ளிக்கொண்டு நிக்கும். நூல் நுனியைப் பின்னால நாலைஞ்சு தையலுக்கு அடியில செருகிவிட்டால் காணும், அது அசையாது. மற்றது, கறுப்போ கடும் நீலமோ வெறுங்கட்டத்துக்குப் பின்னால பாய்ஞ்சு போகக் கூடாது. தைக்கேக்க தெரியாது. வெளிச்சத்துக்கு முன்னால மாட்டின அண்டைக்குத்தான் வெள்ளைக்குள்ளால ஒரு நிழல் கோடு தெரியும்.

பிறகு கழுவுறது. மாசக்கணக்காகக் கையில இருந்த துணி. வியர்வை, தேத்தண்ணி, ஒருமுறை பருப்புக் கறியும். சாடையான சவர்க்காரத் தண்ணியில ஊற வைச்சு, பிழியாமல் ஒரு துவாயில சுருட்டி அழுத்தி, ஈரம் இருக்கேக்கயே தலைகீழாகத் துவாயில போட்டு ஸ்திரிக்கை போட வேணும். முன்பக்கத்தில பெட்டியை வைச்சால் தையல் எல்லாம் தோசை மாதிரித் தட்டையாகிவிடும். இதெல்லாம் வாசிச்சு அறிஞ்சது. அடிபட்டு அறிஞ்சது வேற. எங்களில ஒருத்தி அம்மாவின்ர பிறந்தநாளுக்குச் செவ்வரத்தம் பூ ஒண்டு தைச்சாள். விலை குறைஞ்ச சிவப்பு நூல். கழுவேக்க லேசாகச் சாயம் விட்டது. அந்த நேரத்தில குளிர்த்தண்ணியில திரும்பத் திரும்ப அலசிக்கொண்டே இருந்திருக்க வேணும். இவள் அவதிப்பட்டுச் சூட்டுப் பெட்டியை வைச்சுவிட்டாள். சூடு பட்ட உடன சாயம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. வெள்ளைத் துணி முழுக்க றோஸ். அம்மா இது வேணுமெண்டுதான் செய்த நிறம் எண்டு இண்டைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறா. இப்ப எந்தச் சிவப்பு வாங்கினாலும் முதல் ஒரு முழம் நூலை நனைச்சு வெள்ளைத் துணிக்குள்ள நசிச்சுப் பார்த்த பிறகுதான் ஊசி.

பிரேம் கதை இன்னும் மோசம். எங்களுக்கு மூன்று வருசமாகக் கடன் கொப்பியில எழுதியும் எழுதாமலும் சோறு தந்த கன்ரீன் அம்மாவுக்கு ஒரு புட்டுக்குழல் தைச்சோம். மேல அவவின்ர பேர். கீழ 12 கட்டம் இடைவெளி விட்டு, சின்னதாக எங்கட ஐந்து பேரின்ர முதலெழுத்தும் வருசமும். ரவுணில ஒரு கடையில பிரேம் போடக் குடுத்தோம். எடுக்கப் போனால் படம் வடிவாகத்தான் இருந்தது. ஆனால் கீழ எழுத்தைக் காணேல்லை. மட்டையின்ர அளவுக்கு வருகுதில்லையெண்டு ஓரத்தைக் கத்தரிச்சுப் போட்டிருந்தினம். மிச்சத்தைப் பசை பூசி ஒட்டியிருந்ததால திருப்பி எடுக்கவும் ஏலாது. கேட்டதுக்கு, "அது சும்மா ஓரத்தில கிடந்த எழுத்துத்தானே பிள்ளையள், படம் முழுசா இருக்குத்தானே" எண்டார்.

அவர் கெட்ட மனுசன் இல்லை. அவருக்கு அது ஓரம். எங்களுக்கு அந்த ஓரத்துக்காகத்தான் மிச்சம் எல்லாம். அண்டையில இருந்து பிரேமுக்கு ஆரையும் நம்புறதில்லை. உண்மையில இது கஷ்டமும் இல்லை. தைக்கத் தொடங்கேக்கயே நாலு பக்கமும் 3 இஞ்சி துணி விட்டுவிடுங்கோ. மட்டையை அளவுக்கு வெட்டி, மட்டை காலப்போக்கில மஞ்சள் கக்காமல் இருக்க வெள்ளைப் பருத்தித் துணியால சுற்றி, அதுக்கு மேல தையலை வைச்சுக் குண்டூசியால நேர் பாருங்கோ. பிறகு பின்னால தடிச்ச நூலால இடமும் வலமும், மேலும் கீழும், சப்பாத்து நூல் கட்டுற மாதிரி மாறி மாறி இழுத்துக் கட்ட வேண்டியதுதான். பசை ஒரு சொட்டும் வேண்டாம். எப்பவாவது கழற்றிக் கழுவ வேண்டி வந்தால் நூலை வெட்டிவிடலாம். கண்ணாடி போடுறதெண்டால் துணியில முட்டாமல் நடுவில ஒரு மட்டைச் சட்டம் வேணும். எங்கட மாரிக்கு ஈரம் உள்ளுக்குள்ள அடைபட்டால் இரண்டு வருசத்தில பூஞ்சணம் கோலம் போடும்.

பிரேமே வேண்டாமெண்டால் தைச்ச வளையத்தோடயே விடலாம். மிச்சத் துணியைச் சுற்றிவர ஓட்டி, சுருக்குப்பை மாதிரி இழுத்து, பின்னால ஒரு தடிச்ச துணி வைச்சு மூடிவிட்டால் சரி. புத்தகக் குறிதான் எல்லாத்திலயும் கெதியாக முடியிறது. பரீட்சைக்கு முதல் கிழமை தொடங்கி, படிக்காமல் இருக்கிறதுக்குக் காரணமாகவே நாங்கள் மூண்டு முடிச்சிருக்கிறோம்.

இனிப் பேர். இதிலதான் எங்களுக்குக் கனக்கக் கதைக்க இருக்கு.

இணையத்தில குரோஸ் ஸ்ரிச் எழுத்து மாதிரி தேடினால் ஆங்கிலத்துக்கு ஆயிரக்கணக்கில கொட்டும். பூ எழுத்து, சாய்வெழுத்து, முடியரசு கால எழுத்து. தமிழுக்குத் தேடிப் பாருங்கோ. அதால என்ன நடக்குதெண்டால், அம்மாவுக்குத் தைக்கிற பிள்ளை ஏ, எம், எம், ஏ எண்டு நாலு ஆங்கில எழுத்தைத் தைக்கும். நாலும் இடம் வலம் ஒரே மாதிரியான எழுத்து, கட்டத்தில அஞ்சு நிமிசத்தில விழுந்துவிடும். எங்கட முதல் ஏழு துண்டிலயும் ஆங்கிலம்தான். ரவுணிலயும் பஸ்ஸிலயும் அரசாங்கப் பலகையில ஒரு புள்ளி விடுபட்டால் படம் எடுத்துப் போட்டு ஒரு கிழமை திட்டுற ஆக்கள் நாங்கள். ஆனால் அம்மாவை அம்மா எண்டு எழுத எங்களுக்கு மாதிரி கிடைக்கேல்லையாம்.

பழைய வீடுகளிலயும் இதுதான் கதை. எங்கட பெரியம்மாமாரின்ர தலகாணி உறையளைப் பாருங்கோ. றோசாப்பூ இரண்டு, நடுவில ஆங்கிலத்தில 'குட் நைட்'. வாழ்க்கையில ஆருக்கும் குட் நைட் சொல்லி அறியாத மனுசியள் தைச்சது அது. படுக்கப் போகேக்க "கதவைப் பூட்டினியே, அடுப்பை அணைச்சியே" எண்டுதான் கேட்பினம். ஒரு உறையிலயாவது அதைத் தைச்சிருந்தால் நாங்கள் பிரேம் போட்டு வைச்சிருப்போம்.

அதால சதுர றூள் கொப்பி ஒண்டு வாங்கினோம், கணிதத்துக்குப் பாவிக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு புள்ளடி. பென்சிலால நிரப்பி எழுத்துக் கட்டத் தொடங்கினோம். ட, ப இரண்டும் நல்ல பிள்ளையள். நேர்கோடும் மூலையும்தான், ஒரு நிமிசத்தில வந்துவிடும். ம, ய சமாளிக்கலாம். அகரம் நாலு பின்னேரம் எடுத்தது. 9 கட்ட உயரத்துக்குக் குறைஞ்சால் அந்தச் சுழி சுழியாக வராது, அழுக்கு மாதிரி வரும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் வித்தியாசம் ஒரு சுழி. சின்ன அளவில அந்தச் சுழி கரைஞ்சு போகும். சின்ன வகுப்பில ரீச்சர் அடிச்சுப் படிப்பிச்ச மூண்டு சுழி, இரண்டு சுழியை நாங்கள் ஊசியால திரும்பப் படிச்சோம்.

புள்ளிதான் எங்களுக்குப் பிடிச்ச இடம். ஒரு புள்ளிக்கு ஒரேயொரு புள்ளடி. ஆனால் எழுத்துக்கும் அதுக்கும் நடுவில ஒரு கட்டம் வெறுமையாக விட வேணும். விடாட்டி அது எழுத்தோட ஒட்டி ஒரு கொம்பு முளைச்ச மாதிரி நிக்கும். முதல் தடவை இதை மறந்து 'தங்கச்சி' தைச்சு, இரண்டு எழுத்துக்குக் கொம்பு முளைச்சு, அவள் அதைப் பார்த்து "இது ஆடோ?" எண்டு கேட்டாள்.

அளவும் பார்க்க வேணும். 'அம்மம்மா' எண்டு எழுத எங்கட கணக்கில 47 கட்டம் போகும், மூன்றரை இஞ்சிக்குக் கிட்ட. இரண்டு இஞ்சி அகலமான புத்தகக் குறியில இருக்கிறது 28 கட்டம். குறுக்கால வராது. சரி, மேலிருந்து கீழ அடுக்குவோம் எண்டு பார்த்தோம். அடுக்கினால் கடைசியில அந்தக் கால் தனிய ஒரு வரியில நிண்டு 'ர' எண்டு வாசிக்க வருது. கடைசியில புத்தகக் குறியையே படுக்கப்போட்டு நீளத்துக்குத் தைச்சோம். தமிழுக்கு ஏற்ற மாதிரித் துணியைத் திருப்பினோமே தவிர, துணிக்கு ஏற்ற மாதிரித் தமிழை ஒடுக்கேல்லை. இப்ப எங்கட கொப்பியில உயிரும் மெய்யும் பெரும்பாலும் இருக்கு. ஐயும் ஞவும் இன்னும் சண்டை பிடிக்குது. ஆருக்கும் வேணுமெண்டால் கொப்பியைப் படம் எடுத்து அனுப்புவோம், காசு வேண்டாம்.

இது வாங்கிற ஆளின்ர பேர். தைச்ச ஆளின்ர பேர்?

இதைக் கதைச்சால் உடன ஒரு எதிர்ப்பு வரும். எங்கட அறைக்குள்ளயே வந்தது. குடுக்கிற பொருளில தன்ர பேரைப் போடுறது, குடுத்ததைச் சொல்லிக்காட்டுற மாதிரி எண்டு. கோயிலில ரியூப் லைற்றுக்குக் குறுக்கால 'உபயம்' எண்டு பேரை எழுதி, வெளிச்சத்தையே மறைச்சுப்போடுற ஆக்களை நாங்கள் எல்லாரும் பகிடி பண்ணியிருக்கிறோம். அப்ப நாங்களும் அதையே செய்யிறதோ எண்டு கேட்டாள் ஒருத்தி.

நாங்கள் யோசிச்சுப் பார்த்தோம். ரியூப் லைற்றில பேர் போடுற ஆள் அதைச் செய்யேல்லை, காசு குடுத்தவர். தைச்ச ஆள் அப்பிடி இல்லை. அதோட, ரியூப் லைற்றில கிடக்கிற பேருகளில எத்தினை பொம்பிளையளின்ர பேர்? எங்கட வீடுகளில ரேடியோ உறை, கதிரைத் துணி, தொட்டில் விரிப்பு எண்டு மாசக்கணக்காகக் கண் கெடத் தைச்ச மனுசியளின்ர பேர் ஒரு மூலையிலயும் இல்லை. "சும்மா இருக்கேக்க தைச்சது" எண்டுதான் அவையே சொல்லுவினம். சும்மா இருந்த மனுசியை நாங்கள் இன்னும் கண்டதில்லை. ஐந்து பேரும் போன விடுமுறையில வீட்டுக்குப் போய், இருக்கிற பழைய தையல் ஒண்டை எடுத்து 'இது ஆர் தைச்சது?' எண்டு கேட்டோம். மூண்டு வீட்டில ஒருத்தருக்கும் நிச்சயமாகத் தெரியேல்லை. ஒரு வீட்டில இரண்டு மாமிமார் தாங்கள்தான் எண்டு சண்டை பிடிச்சினம். ஒரு வீட்டிலதான் தெரிஞ்சிருந்தது.

லண்டனில விக்ரோறியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில ஜேன் பொஸ்ரொக் எண்டவ தைச்ச ஒரு துணி இருக்கு. அதில தன்ர பேரையும் 1598 எண்ட வருசத்தையும் போட்டிருக்கிறா. வருசம் குறிச்ச பிரித்தானியத் தையல் மாதிரித் துணிகளில இண்டைக்கு மிஞ்சியிருக்கிறதில பழசு அதுதான். அதோட, 1596இல பிறந்த அலிஸ் லீ எண்ட பிள்ளையின்ர பேரையும், அவள் பிறந்த திகதி, கிழமை, பிறந்தது பின்னேரம் எண்டதையும் சேர்த்துத் தைச்சிருக்கிறா. எங்களுக்கு இது சரித்திரப் பொருளாகத் தெரியேல்லை. ஒரு பிள்ளை பிறந்ததுக்குத் தைச்ச ஞாபகத் துணியாகத்தான் தெரியுது. அக்காமாரின்ர பிள்ளையளுக்கு நாங்கள் தைக்கிற அதே சாமான். நானூறு வருசத்துக்குப் பிறகு இரண்டு பேரின்ர பேரும் எங்களுக்குத் தெரியுதெண்டால் அதுக்குக் காரணம் ஓரத்தைக் கத்தரிக்காமல் விட்டதுதான்.

கடையில படம் அச்சடிச்ச மக் வாங்கிறதை நாங்கள் குறை சொல்லேல்லை. நாங்களும் வாங்கிக் குடுத்திருக்கிறோம், இனியும் குடுப்போம். அசைன்மென்ற் கிழமையில ஆருக்குப் பிறந்தநாள் வந்தாலும் மக்தான். எங்கட ஆதங்கம், கையால செய்யிறதையும் மக் மாதிரி நினைக்கிறதில. பார்த்துப் பொருத்தி, கட்டாமல், கழுவாமல், ஒரு பொலித்தீன் உறைக்குள்ள போட்டு "நீயே பிரேம் போட்டுக்கொள்" எண்டு குடுக்கிறது. வாங்கின ஆள் சிரிச்சுக்கொண்டு வாங்கும். பிறகு அவையின்ர அலுமாரியில அது கிடக்கும். அலுமாரி மாறினதுதான் மிச்சம்.

இனி மயில்.

தைச்சது ஆரெண்டு தெரிஞ்சிருந்த அந்த ஒரு வீடு, எங்களில ஒருத்தியின்ர முல்லைத்தீவு வீடு. சித்தி தைச்ச மயில். தலை, கழுத்து, உடம்பு எல்லாம் முடிஞ்சிருக்கு. தோகையில இடப்பக்கம் நிறைவு, வலப்பக்கம் பாதியில நிக்குது. 2009 மேக்குப் பிறகு சித்தியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இடம் இடமாக ஓடேக்க அம்மம்மா பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள் வைச்ச சொப்பிங் பையுக்குள்ள அந்தத் துணியையும் மடிச்சு வைச்சிருந்தவ. ஊசி அதிலயே குத்தினபடி. ஊசி துருப்பிடிச்சு, எடுத்த பிறகும் அந்த இடத்தில கபில நிறத்தில ஒரு பொட்டு.

அவள் அதை அறைக்குக் கொண்டுவந்தாள். மாமி சொல்லி விட்டவவாம், நீங்கள் தைக்கிற பிள்ளையள்தானே, முடிச்சுக் குடுங்கோ எண்டு. நாங்கள் இரண்டாகப் பிரிஞ்சோம். மூண்டு பேர் முடிப்போம் எண்டது. நீலத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்திற நூலும் கண்டுபிடிச்சாச்சு. இவ்வளவு நேரமும் முடிக்க வேணும், முடிக்க வேணும் எண்டு கதைச்ச ஆக்கள் நாங்கள், இதை மட்டும் எப்பிடி விடுறது? மற்ற இரண்டு பேரும் அதே அருங்காட்சியகத்தில இருக்கிற இன்னொரு துணியைக் காட்டிச்சினம். 1830 அளவில எலிசபெத் பார்க்கர் எண்ட வேலைக்காரப் பெட்டை, எசமான் வீட்டில பட்ட கொடுமையைச் சிவப்பு நூலால எழுத்தெழுத்தாகத் தைச்சது. பூ இல்லை, கரை இல்லை. ஒரு வசனத்தின்ர நடுவில நிண்டுவிடுது. அதுக்குக் கீழ வெறுந்துணி. அந்த வசனத்தை வேற ஒருத்தர் முடிச்சு வைச்சால் எப்பிடி இருக்கும்?

விவாதம் எங்களால முடியேல்லை. அம்மம்மாவுக்கே போன் எடுத்தோம். அவ கனநேரம் யோசிக்கேல்லை. "மயிலைத் தொடாதேங்கோ பிள்ளையள், அது அவளின்ர வேலை. பேரை மட்டும் வடிவாப் போடுங்கோ."

பேர் போடலாம். என்ன வருசம்? தைச்சு முடிச்ச வருசத்தைப் போடுறதுதான் வழமை. இதுக்கு அப்பிடி ஒரு வருசம் இல்லை. தொடங்கின வருசத்தைப் போடுங்கோ எண்டா அம்மம்மா. உயர்தரம் எடுத்திட்டு வீட்டில நிண்ட நேரம் தொடங்கினது எண்டு மட்டும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பையுக்குள்ள இருந்த சித்தியின்ர பெறுபேற்றுத் தாளைப் பார்த்தோம். 1999. அதைப் போட்டோம். நாலு இலக்கம், ஒவ்வொண்டும் மூண்டு கட்ட அகலம், இடைவெளியோட 15 கட்டம். ஒரு இஞ்சிக்குச் சொட்டுக் கூட. பேரில ஒரு ணகரம் இருந்தது. மூண்டு சுழியும் தெரிய வேணும் எண்டதுக்காக எழுத்தின்ர உயரத்தையே கூட்டினோம்.

துருப் பொட்டை எலுமிச்சம்புளியும் உப்பும் போட்டு எடுக்கலாம். எடுக்கேல்லை. கண்ணாடியும் போடேல்லை, மட்டையும் இல்லை. ஓரத்தை மடிச்சுத் தைச்சு, பின்னால வெள்ளைப் பருத்தியால உட்துணி குடுத்து, மேல தடி செருகிச் சுவரில தூக்கிற மாதிரிச் செய்தோம். தைச்ச ஆள் பேர் போட வேணும் எண்டு அவ்வளவு கதைச்சிட்டு எங்கட பேரை எங்க போடுறது எண்டு யோசிச்சு, ஐந்து முதலெழுத்தையும் உட்துணியின்ர மூலையில வெள்ளை நூலாலயே போட்டோம். பார்த்தால் தெரியாது.

போன மாசம் ஐந்து பேருமாகப் பஸ் ஏறிப் போய்க் குடுத்தோம். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேரை விரலால தடவிப் பார்த்தா. வருசத்தைப் பார்த்தா. பிறகு துணியைத் திருப்பினா. எங்களுக்குப் பெருமை. பின்பக்கம் அவ்வளவு சுத்தமாக மூடியிருந்தது.

"இதை ஏன் மூடினியள்?" எண்டு கேட்டா.

கத்தரிக்கோல் தேடி எடுத்து, இரண்டு பின்னேரமாகத் தைச்ச உட்துணியை விறாந்தையிலயே இருந்து பிரிச்சோம். எங்கட ஐந்து எழுத்தும் அதோட போச்சு. உள்ளுக்குள்ள மயிலின்ர பின்பக்கம். நூல் அங்கயும் இங்கயும் பாய்ஞ்சு, கழுத்துக்குப் பின்னால முடிச்சுக்கு மேல முடிச்சு. அம்மம்மா ஒவ்வொரு முடிச்சாக நசிச்சுப் பார்த்துக்கொண்டே போனா.

"எத்தினை தரம் சொன்னனான் இவளுக்கு, முடிச்சுப் போடாதை, முடிச்சுப் போடாதையெண்டு."